எங்கே காத்திருக்கிறது உங்கள் கணினி?

பல வீடுகளில் மேசைமேல் இன்னும் இருக்கும் பழைய மானிட்டரின் திரையில் அகலவாக்கில் 1366 புள்ளிகள், உயரவாக்கில் 768 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 10.5 லட்சம் பிக்சல். இப்போது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபுல் எச்டி மானிட்டரில் 1920-க்கு 1080, அதாவது 20.7 லட்சம். 4கே திரை என்றால் 83 லட்சம். ஒரு கணினி விளையாட்டு ஓடும்போது இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை நொடிக்கு அறுபது தடவை புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். ஃபுல் எச்டி திரைக்கு மட்டும் நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல் விடைகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்லச் சுவரின் வண்ணம், விளக்கு விழும் கோணம், நிழல், புகை, தண்ணீரில் தெரியும் பிம்பம் என்று பல கணக்குகளைப் போட வேண்டியிருப்பதால், உண்மையான வேலை இதைவிடப் பல மடங்கு.

திரைப்படம் பார்ப்பது வேறு. அங்கே முன்கூட்டியே தயாரான படங்களை வரிசையாகக் காட்டினால் போதும். விளையாட்டில் அடுத்த படம் எதுவென்று ஆடுபவர் மவுஸை நகர்த்தும்வரை யாருக்கும் தெரியாது. நகர்த்திய பிறகு 16.7 மில்லிநொடிக்குள் படம் தயாராக வேண்டும். நொடிக்கு அறுபது படம் என்பதன் பொருள் அதுதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருந்து, அதை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமானால் 6.9 மில்லிநொடிதான் கிடைக்கும். கெடு தவறினால் திரை பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும். எதிரி திரும்புகிறான், நமக்கு அது தெரியவில்லை. பையன்கள் "லேக் அடிக்குது" என்று கத்துவது பெரும்பாலும் இந்தத் தவறிப்போன கெடுவைப் பற்றித்தான்.

அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு எழும். பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ வந்த பணமும் பகுதிநேர வேலையில் சேர்த்ததுமாக ஒரு தொகை இருக்கும். "அண்ணே, இருபதாயிரத்துக்குள்ள நல்ல கிராஃபிக்ஸ் கார்டு எது?" என்ற கேள்வியோடு சென்னை ரிச்சி தெருவிலோ ஊரில் உள்ள கணினிக் கடையிலோ போய் நிற்பார்கள். ஒரு வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல. அது வீணாகக் கூடாது என்றால், கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் கணினியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த 16.7 மில்லிநொடியில் நீ எங்கே காத்திருக்கிறாய்? காத்திருக்கும் இடத்தில் பணத்தைப் போட்டால் பலன் தெரியும். வேறு எங்கே போட்டாலும் பெட்டி அழகாகும், விளையாட்டு அப்படியே இருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டு தனியாக ஏன் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். வீட்டுக் கணினியின் பிராசஸரில் நான்கு, ஆறு, எட்டு என்று சில கோர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மிக வேகமானது; ஒன்றையொன்று சார்ந்த சிக்கலான கட்டளைகளையும் யோசித்து வரிசைப்படுத்திச் செய்யக்கூடியது. பிக்சல் கணக்குக்கு அந்தச் சாமர்த்தியம் தேவையில்லை. ஒரு புள்ளியின் நிறம் பக்கத்துப் புள்ளியின் விடைக்காகப் பொதுவாகக் காத்திருப்பதில்லை. ஒரே சூத்திரத்தை வெவ்வேறு எண்களோடு லட்சக்கணக்கான தடவை போட்டால் போதும். அதனால் எளிய கணக்கு அலகுகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒரே சில்லில் அடுக்கினார்கள். 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு முப்பரிமாண விளையாட்டை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1999-இல் என்விடியா தன் ஜிஃபோர்ஸ் 256-ஐ "ஜிபியு" என்ற பெயர் சொல்லி விற்றது. 2019-இல் வந்த, பட்ஜெட் கார்டு என்று கருதப்பட்ட ஜிடிஎக்ஸ் 1650-இலேயே 896 கணக்கு அலகுகள். 2023-இன் ஆர்டிஎக்ஸ் 4060-இல் 3072.

இந்தக் கணக்கு அலகுகளுக்கு விளையாட்டு என்றும் ஆராய்ச்சி என்றும் பேதம் தெரியாது. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலைப்பின்னலைப் பயிற்றுவித்தது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில். விளையாட்டுக்காகக் கடையில் விற்ற அதே கார்டு, ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் தொடக்கங்களில் அது ஒன்று. அந்த அலையின் எதிரொலிதான் இன்று நம் வீட்டுச் செலவிலும் கேட்கிறது. தரவு மையங்களுக்கான நினைவகமும் நம் கார்டில் உள்ள நினைவகமும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற அதே மூன்று நிறுவனங்களிலிருந்து பெரும்பாலும் வருகின்றன. தரவு மையங்கள் அதிகம் கேட்டதும் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை வேகமாக ஏறியது.

இனி சோதனைக்கு வருவோம். இதற்குப் பைசா செலவில்லை. வழக்கமாக ஆடும் விளையாட்டை வழக்கமான அமைப்பில் ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை படம் என்ற எஃப்பிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்புக்குள் போய் ரெசல்யூஷனை மட்டும் 1280-க்கு 720 என்று குறையுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். ஃபுல் எச்டி திரையானால் பிக்சல் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. எஃப்பிஎஸ் சட்டென்று உயர்ந்தால், இதுவரை வேலை கார்டிடம் தேங்கி நின்றது என்று பொருள். நல்ல கார்டு வாங்கினால் பலன் உண்டு. எண் அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிராசஸர்தான் மூச்சு வாங்குகிறது.

பிராசஸருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? திரையில் எதை வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிப்பது அது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, கதவு திறந்ததா, இணையத்திலிருந்து மற்ற ஆட்டக்காரர்களைப் பற்றி என்ன செய்தி வந்தது என்பதையெல்லாம் தீர்மானித்து, "இந்தப் பொருளை இங்கே வரை" என்று ஆயிரக்கணக்கான ஆணைகளை ஒவ்வொரு படத்துக்கும் கார்டுக்கு அனுப்புகிறது. கல்யாணப் பந்தியில் சமையற்கட்டிலிருந்து வாளி வராவிட்டால், பரிமாற ஐம்பது பேர் நின்றாலும் இலை காலியாகத்தான் இருக்கும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் காட்சிகள் எளியவை; கார்டுக்கு வேலை குறைவு. அவற்றில் நொடிக்கு 200 படம் வேண்டுமென்று ஆசைப்படுபவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது நல்ல பிராசஸர். 2015-இன் ஐ5-6500 போன்ற நான்கு கோர் பிராசஸர் உள்ள பெட்டியில் புது ஆர்டிஎக்ஸ் 4060-ஐச் செருகி, இந்த விளையாட்டுகளில் இரண்டு மடங்கு எதிர்பார்த்தால் மிஞ்சுவது ஏமாற்றம்.

இன்டெல்லின் ஆர்க் பி580 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 டிசம்பரில் 249 டாலர் விலையில், 12 ஜிபி நினைவகத்தோடு வந்தது. புதிய பிராசஸரோடு சேர்த்தால் விலைக்கு மிஞ்சிய கார்டு. ஆனால் அதன் டிரைவர் பிராசஸரிடம் கூடுதல் வேலை வாங்குகிறது. பழைய, மெதுவான பிராசஸரோடு இணைத்துச் சோதித்தவர்கள் எஃப்பிஎஸ் வெகுவாகச் சரிந்ததைக் கண்டார்கள். ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் இன்னும் மோசம். குறைந்த பணத்தில் பழைய பெட்டியை மேம்படுத்த நினைப்பவரைத்தான் இந்த விலை முதலில் ஈர்க்கும், அவருடைய பெட்டிக்குத்தான் இது பொருந்தாது. விமர்சனக் காணொளிகளில் கார்டுகளை மிக வேகமான பிராசஸரோடு சேர்த்தே ஓட்டிக் காட்டுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கார்டை மட்டும் அளக்க அதுதான் சரியான முறை. நம் வீட்டில் வரப்போகும் எண் அதுவல்ல.

சோதனையில் கார்டுதான் குறை என்று தெரிந்தாலும், அதே சோதனை ஒரு இலவச வழியையும் காட்டிவிட்டது. பிக்சலைக் குறைத்தால் வேகம் கூடுகிறது. அப்படியானால் குறைந்த பிக்சலில் வரைந்து, கண்ணுக்குத் தெரியாத விதத்தில் பெரிதாக்க முடியுமா? என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெல்லின் எக்ஸ்இஎஸ்எஸ் மூன்றும் செய்வது இதைத்தான். ஃபுல் எச்டி திரையில் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டின் "குவாலிட்டி" அமைப்பில் உள்ளே வரையப்படுவது 1280-க்கு 720 படம்; முழுப் படத்தின் 44 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. மீதிப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் அழகு. எஃப்எஸ்ஆரின் முதல் பதிப்பைத் தவிர மற்றவற்றில், ஒவ்வொரு படத்தையும் வரையும்போது கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் லேசாக நகர்த்தி வைக்கிறார்கள். அதனால் அடுத்தடுத்த படங்கள் ஒரே காட்சியின் வெவ்வேறு இடங்களைத் தொட்டுப் பார்த்தவையாக அமைகின்றன. எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற விவரத்தையும் வைத்துக்கொண்டு பழைய படங்களின் புள்ளிகளைப் புதிய படத்தில் சரியான இடத்தில் பொருத்தினால், இல்லாத நுணுக்கம் திரும்ப வந்துவிடுகிறது.

டிஎல்எஸ்எஸ்-க்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். 2021 ஜூனில் வந்த எஃப்எஸ்ஆர், போட்டி நிறுவனமான என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 1060-இலும் ஓடியது. பழைய கார்டு வைத்திருந்தவர்களுக்கு ஏஎம்டி செய்த பெரிய உதவி அது. ஃபுல் எச்டி அளவில் மரக்கிளை, கம்பி வேலி போன்றவை எஃப்எஸ்ஆரில் மினுமினுப்பது உண்மைதான். டிஎல்எஸ்எஸ் அங்கே தெளிவாகவே மேல். ஆனால் கையில் இருக்கும் கார்டில் செலவில்லாமல் கிடைப்பதை முதலில் முயன்று பாருங்கள். ஆறு மாதம் தள்ளிப்போட முடிந்தால் அதுவும் லாபம்தான். ஃபிரேம் ஜெனரேஷன் என்ற இன்னொரு வித்தையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனை செய்து நிரப்புகிறது. பார்வைக்கு ஓட்டம் சீராகும். கை அசைவுக்கும் திரைக்கும் உள்ள தாமதம் குறையாது. நொடிக்கு 30 படமே வரும் கார்டில் அதைப் போட்டு 60 என்று காட்டும் விளம்பர எண்ணை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

நம் ஊரில் அதிகப் பேர் பணத்தை விடும் இடம் கார்டின் ஜிபி எண். "4 ஜிபி கார்டு தம்பி, விலையும் கம்மி" என்று ஜிடி 730 போன்ற ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஜிடி 730 வந்தது 2014-இல். அட்டைப் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் 4 ஜிபி என்பது எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லும். எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதைச் சொல்லாது. கார்டின் நூற்றுக்கணக்கான கணக்கு அலகுகளும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நினைவகத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டே இருக்கின்றன. எடுக்கும் பாதை குறுகலானால் அலகுகள் கைகட்டி நிற்கும்.

இதற்கு என்விடியாவே, வேண்டுமென்று செய்யாமல், ஒரு துல்லியமான பரிசோதனையை உலகத்துக்கு நடத்திக் காட்டியது. 2017-இல் ஜிடி 1030 என்ற சின்ன கார்டை ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு விற்றது. நொடிக்கு 48 ஜிபி எடுக்கலாம். 2018-இல் அதே பெயரில், அதே 384 கணக்கு அலகுகளோடு, விலை குறைந்த டிடிஆர்4 நினைவகம் வைத்த இன்னொன்றைக் கொண்டுவந்தது. இப்போது நொடிக்கு 16.8 ஜிபி. சில்லு அதே சில்லு. பல விளையாட்டுகளில் எஃப்பிஎஸ் பாதியாக, சிலவற்றில் அதற்கும் கீழே இறங்கியது. பெயர் இரண்டுக்கும் ஜிடி 1030, 2 ஜிபிதான். ஆர்டிஎக்ஸ் 3050-இலும் இதே கதை இருக்கிறது: 2022-இன் 8 ஜிபி கார்டு நொடிக்கு 224 ஜிபி எடுக்கும்; 2024-இல் வந்த 6 ஜிபி கார்டு 168 தான், கணக்கு அலகுகளும் குறைவு. இணையத்தில் ஒன்றின் விமர்சனத்தைப் படித்துவிட்டு மற்றதை வாங்கி வருவது மிக எளிது. பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், நினைவக வகை, நினைவகப் பாதையின் அகலமான பஸ் அகலம், நொடிக்கு எத்தனை ஜிபி என்ற மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

தனி கார்டே இல்லாதவர்களுக்கு இதே அறிவு இன்னும் மலிவாக உதவும். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர்களுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் பகுதி உண்டு. அது சாதாரண ராமைப் பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒற்றைக் குச்சி இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு குச்சிகளைச் சரியான இரண்டு ஸ்லாட்டில் போட்டால் 51.2. விற்பனைக்கு வரும் எத்தனையோ பெட்டிகளில் 8 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டிருப்பார்கள். அதே அளவில் இன்னொரு குச்சி சேர்ப்பதுதான், ராம் விலை ஏறிய இந்தக் காலத்திலும், இந்தப் பெட்டிக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு.

நினைவகம் போதாமல் போனால் நடப்பது வேறு. விளையாட்டுக்கு வேண்டிய சுவர்ப்படங்களும் உருவங்களும் கார்டின் சொந்த நினைவகத்தில் அடங்காவிட்டால், மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகக் கணினியின் ராமிலிருந்து கொண்டுவர வேண்டும். 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இங்கேதான் மாட்டிக்கொண்டது. அதற்கு 4 ஜிபிதான். ஸ்லாட்டில் 16 தடங்கள் இருந்தாலும் அது பயன்படுத்துவது நான்கு. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அந்த நான்கு தடம் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கொண்டுவரும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் 4 ஜிபி மட்டுமே. மலிவு கார்டு தேடுபவரின் பெட்டி பெரும்பாலும் மூன்றாம் தலைமுறைதான். 5600ஜி-யும் அப்படியே, பத்தாம் தலைமுறை இன்டெல்லும் அப்படியே. 4 ஜிபி நிரம்பியதும் படம் திக்கித் திக்கி வரும். சராசரி எஃப்பிஎஸ் எண் ஓரளவு நன்றாகவே தெரியும், ஆட முடியாது. இன்று புதிதாக ஒரு கார்டுக்குப் பணம் கொடுப்பவர் 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மின்சாரம் குறைவாகக் கிடைக்கும் பெட்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்த விலக்கு முக்கியமானது. நம் ஊரில் ஏராளமான வீட்டுக் கணினிகள் அலுவலகங்களில் ஓடி, புதுப்பிக்கப்பட்டு, குறைந்த விலைக்கு வந்தவை. ஒல்லியான கேபினெட், நிறுவனத்தின் சொந்த வடிவில் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி, கார்டுக்கென்று தனி மின்கம்பி கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாமென்றால், டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பே வழக்கமான 24 பின் அல்ல, 8 பின். அங்கே கார்டுக்குக் கிடைப்பது ஸ்லாட் தரும் மின்சாரம் மட்டும். அதன் உச்ச வரம்பு 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுகளில் ஜிடிஎக்ஸ் 1650-இன் கூடுதல் மின் இணைப்பு கேட்காத வகைகளும், 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியும் பொருந்தும். மேலே 6 ஜிபி கார்டைக் குறை சொன்னேன். இந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமானதைக் காண்பது அரிது. ஒல்லி கேபினெட்டுக்குப் பாதி உயரத்தில் வரும் லோ புரொஃபைல் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதை விடுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் குடிப்பது அங்கிருந்துதான். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். மீதி வாட்டுகள் இன்றைய கணினி அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளில் எழுதப்பட்ட எண்கள். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் கேட்கும், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட், பழைய ஆர்எக்ஸ் 580 185 வாட். அதுவும் சராசரிதான். மில்லிநொடிக் கணக்கில் கார்டு அதைத் தாண்டிக் குதிக்கும். அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்தால் கணினி சட்டென்று அணைந்துவிடும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி இருபதாயிரம் ரூபாய் பொருளை மாட்டுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. கார்டில் ஒரு படி இறங்கியாவது அந்தப் பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். அது அடுத்த கார்டுக்கும் உதவும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான மின்கம்பி இல்லையென்றால் கடையில் ஒரு கன்வெர்ட்டர் தருவார்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின்கம்பியை 6 பின்னாக மாற்றும் ஒயர் அது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் தாங்கும் அளவு 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டின் 6 பின் இணைப்பு 75 வாட் வரை கேட்கலாம். இணைப்பு உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் தூங்கும் அறையில்தான் பல வீடுகளில் கணினி இருக்கிறது. அந்த ஒயரை வாங்கவே வேண்டாம். யுபிஎஸ்ஸையும் ஒருமுறை பாருங்கள்: 600 விஏ என்று விற்கும் சாதாரண யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். புது கார்டுக்குப் பிறகு கரண்ட் போகும் நேரமெல்லாம் கணினியும் அணைந்தால், குறை கார்டில் இருக்க வேண்டியதில்லை.

சித்திரை வெயிலில் இன்னொரு கணக்கு சேரும். ஒரு கூலரால் சில்லை அறையின் வெப்பத்தைவிட இவ்வளவு டிகிரிக்குள் வைத்திருக்க முடியும் என்றுதான் சொல்ல முடியும். குளிரூட்டிய அறையில் 24 டிகிரியில் சோதித்துப் பார்த்து 70 டிகிரி என்று எழுதிய கார்டு, 38 டிகிரி அறையில் 84-ஐத் தொடும். என்விடியா கார்டுகள் பல 83 டிகிரி வாக்கில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். கேபினெட்டின் முன்பக்கம் காற்று போகும் வலை இருக்கிறதா, கண்ணாடியால் மூடியிருக்கிறதா என்பது இங்கே உள்ள வீட்டுக்கு ஐரோப்பிய வீட்டைவிட முக்கியம்.

இதற்கும் செலவில்லாத தீர்வு ஒன்று இருக்கிறது. சில்லு தின்னும் மின்சாரம், வேகத்தின் நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திலும் கூடும். மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் 0.9-இன் வர்க்கம் 0.81, அதே வேகத்தில் சில்லின் கணக்கு வேலை தின்னும் மின்சாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எல்லாச் சில்லுகளும் ஒன்றுபோல் அமையாததால், தொழிற்சாலையில் மோசமான சில்லும் ஓடும்படி கொஞ்சம் கூடுதல் அழுத்தம் வைத்து அனுப்புகிறார்கள். நம்முடையது நல்ல சில்லாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவசச் செயலியில் அண்டர்வோல்ட் செய்து, நிலைகுலையாமல் ஓடுகிறதா என்று படிப்படியாகப் பார்க்கலாம். சத்தமும் குறையும், எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நிம்மதி.

பழைய கார்டு வாங்குவது பற்றிப் பலருக்குப் பயம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளால் அந்த நாணயத்தைத் தோண்டும் வேலையை ஒரே நாளில் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் சந்தைக்குக் கொட்டின. ஒரே சீராக ஓடிய சில்லு பெரும்பாலும் கெடுவதில்லை. தேய்வது விசிறியும், நினைவகத்தின் மேல் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டைகளும். இரண்டையும் மாற்றலாம். எனக்குக் கவலை தருவது வேறு இரண்டு. ஒன்று, ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் வரும் 2048எஸ்பி வகை. அசல் கார்டில் 2304 கணக்கு அலகுகள். இதில் பெயர் சொல்வதுபோல் 2048. கேள்விப்படாத பெயர்களில் புதுப்பெட்டியில் வருவதில் பல இதுதான். மற்றது முழுப் பொய்: 2010 வாக்கில் வந்த ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயாஸைத் திருத்தி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விண்டோஸே நம்பும்படி செய்தது. ஜிபியு-இசட் என்ற சின்னச் செயலி 2018 முதல் இப்படிப்பட்டவற்றைப் போலி என்று காட்டிக்கொடுக்கிறது.

கார்டின் வயதும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஜிடிஎக்ஸ் 1060, 1050 டிஐ ஆகியவற்றின் பாஸ்கல் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா 2025-இல் நிறுத்திவிட்டது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங்கைச் செய்யும் வன்பொருள் இல்லாத கார்டுகளில் திறக்கவே திறக்காது. ஆர்எக்ஸ் 580-உம் ஜிடிஎக்ஸ் 1650-உம் அந்தப் பட்டியலில் அடங்கும். ஜிடிஏ 5, வேலரன்ட், மைன்கிராஃப்ட் ஆடுபவருக்கு இதனால் ஒன்றுமில்லை. புது விளையாட்டுகளை எதிர்பார்ப்பவர் ஆர்எக்ஸ் 6600-இலிருந்து தொடங்கலாம். 8 ஜிபி, 132 வாட், எட்டுத் தடம், ஒரே ஒரு 8 பின் கம்பி. ஃபுல் எச்டி திரைக்கு, பழைய சந்தையில், பணத்துக்கு இவ்வளவு நியாயமான கார்டு வேறில்லை என்று நினைக்கிறேன். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் கற்றுக்கொள்ளும் மாணவராக இருந்தால் 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தகும். அந்தச் செயலிகள் என்விடியாவின் கூடா தளத்தை நன்றாகப் பயன்படுத்துகின்றன.

விஜிஏ கம்பி மட்டும் போகும் மானிட்டர் வைத்திருப்பவர்கள், 2016-க்குப் பிந்தைய என்விடியா கார்டுகளில் அந்தப் பழைய சமிக்ஞை வராது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றும் சின்னக் கருவி தனியாக வாங்க வேண்டும். மாட்டிய பிறகு மானிட்டர் கம்பியை மதர்போர்டின் துளையிலேயே விட்டுவிட்டு, வேகம் கூடவில்லை என்று கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு. கம்பி கார்டின் துளையில் இருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் சில நேரம் 60-இலேயே வைத்திருக்கும், டிஸ்பிளே அமைப்பில் போய் மாற்ற வேண்டும்.

பழைய கார்டை வாங்கும்போது விற்பவரின் கணினியிலேயே மாட்டி, ஜிபியு-இசட் திரையைப் பார்த்து, ஏதாவது கனமான விளையாட்டையோ ஃபர்மார்க் போன்ற சோதனையையோ அரைமணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். வெப்பம் எங்கே நிலைக்கிறது, விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றனவா, திரையில் கோடோ புள்ளியோ தெரிகிறதா, எல்லாத் துளைகளிலும் படம் வருகிறதா என்று பாருங்கள். கடல் பக்கத்து ஊர்க் கார்டென்றால் திருகுகளிலும் துளைகளின் உலோகத்திலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அரைமணி நேரம் ஓட்டிக் காட்ட மாட்டேன் என்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.